டி.வி. செய்கிற ஊரிலிருந்து

தமிழ்த் தொலைக்காட்சிகளின் செய்தி ஆசிரியர்களுக்கும், நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், புதிதாக யாரை வேலைக்கு எடுப்பது என்று முடிவு செய்கிற ஒவ்வொருவருக்கும்,



காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேமராவோடு போகிறவன். லைட் பிடிக்கிற பையனாகத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். தோளில் சுமந்து எடுக்கிற எம் 9000 கேமரா காலம் அது. மிக்ஸிங் போட கேசட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி, ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்து, விடியற்காலை திரும்புவேன். இன்று என் கடையில் நான்கு கேமரா, ஒரு ஸ்விட்சர், ஒரு ட்ரோன் இருக்கின்றன. இதுவரை முப்பது பேருக்கு மேல் என்னிடம் வேலை கற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் நிறுவனங்கள் எதிலும் இன்று இல்லை. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அதுதான்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவள் விரும்ப மாட்டாள். பாலாற்றங்கரைப் பக்கத்துக் காலனி. அப்பா கல்குவாரியில் லோடு ஏற்றுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். பி.காம். முடித்த மறு மாதமே கம்பெனி பஸ் ஏறினாள், போன் பாகங்கள் பொருத்துகிற லைனுக்கு. வார விடுமுறை நாளில் தம்பி கல்யாண ஆல்பம் வாங்க என் கடைக்கு வந்தவள், எடிட் நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். அடுத்த வாரமும் வந்தாள். "அண்ணா, நானும் கத்துக்கட்டா?" என்றாள். ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்து, நான்கே மாதத்தில் எடியஸ் எடிட்டிங் மென்பொருளைக் கற்றுக்கொண்டாள்.

அவள் வெட்டுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள். முகூர்த்தம் என்றால் எங்களுக்கு மூன்று கேமராவில் மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். தாலி கட்டுகிற அந்த நேரத்தில் எல்லாரும் மாப்பிள்ளையின் கையைத்தான் போடுவோம். மேளம், அட்சதை, பெரியவர்கள் முகம், முடிந்தது. அவள் ஓரத்துக் கேமராவில் தற்செயலாக விழுந்திருந்த ஒரு காட்சியை எடுத்தாள். பெண்ணின் அம்மா அட்சதையைப் போட மறந்து, அரிசியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். மேளம் நின்ற பிறகுதான் கை திறக்கிறது. அரை நிமிடம்கூட இருக்காது. அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு என் கடையிலேயே அழுதார்கள். இருபது வருஷம் தாலி கட்டுவதை எடுத்த எனக்கு அந்தக் கை தெரியவில்லை.

அவளை நான்தான் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு சேனலில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் வேலைகளில் நான்கைத் தேர்ந்து அனுப்பினோம். கூப்பிட்டார்கள். ஆறு மாதம், சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். ஹாஸ்டலுக்கு மாதம் ஏழாயிரம். லைனில் வாங்கிய சம்பளத்தை விட்டுவிட்டு, கையில் சேர்த்திருந்ததை எடுத்துக்கொண்டு போனாள். இரவு டெஸ்க் போட்டார்கள். பதினொன்றரைக்கு முடித்துவிட்டு ஹாஸ்டலுக்கு எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறாள். "எல்லாரும் எப்படிப் போறாங்களோ அப்படித்தாம்மா" என்று பதில் வந்திருக்கிறது. எல்லாரும் டூவீலரிலும் அப்பா காரிலும் போகிறவர்கள். பத்தொன்பதாவது நாள் திரும்பி வந்துவிட்டாள். யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நம்மால முடியலண்ணா" என்றாள். மறு வாரம் மறுபடியும் பி ஷிப்ட்.

'நம்மால முடியல' என்ற அந்தச் சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. முடியாமல் போனது அவளாலா?

எங்கள் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாலாஜாபாத்திலிருந்து ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரம். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் சாம்சங் தொழிற்சாலை 2007இல் வந்தது. டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் அங்கே செய்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2006இல், அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டி.வி. வந்தது. எங்கள் காலனிகளில் பல வீடுகளில் முதல் டி.வி. அதுதான். பெட்டியை இறக்கி, ஆன்டெனா திருப்பி, தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்ததை நானே வீடியோ எடுத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. தமிழ் பிக் பாஸ் வீடு அங்கேதான் போட்டார்கள். பூந்தமல்லியை ஒட்டிய குத்தம்பாக்கத்தில் நவீன திரைப்பட நகரம் கட்டப் போவதாக அரசு அறிவித்திருக்கிறது. ஆக, டி.வி. பெட்டி செய்கிற கையும், அதில் ஓடுகிற நிகழ்ச்சியின் செட்டும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. பெட்டி செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த செட்டுக்குள் போக வழி கிடையாது. போனவர்களும் தச்சு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் போனவர்கள்.

திரையில் நாங்கள் வருவதே இல்லையா என்றால், வருகிறோம். பாலாற்றில் வெள்ளம் வந்தால் வருவோம். 2021 நவம்பரில் அவளூர் தரைப்பாலம் மூழ்கியபோது கேமராக்கள் வந்தன. நேரலையில் ஒரு நிருபர் எங்கள் ஊரை "ராணிப்பேட்டை மாவட்டம் வாலாஜா" என்று சொன்னார். வாலாஜாபேட்டை வேறு, வாலாஜாபாத் வேறு. அன்று அந்தத் தம்பி பக்கத்தில் நின்றிருந்த யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவரைக் குறை சொல்லவில்லை. முந்தின ராத்திரி வேலூரில், விடிந்தால் இங்கே, ஒரு வண்டியில் மூன்று மாவட்டம் சுற்றுகிறார். இந்த மண்ணில் பிறந்த ஒருவர் அவர் டெஸ்க்கில் இருந்திருந்தால், அந்த வார்த்தை ஸ்க்ரோலுக்குப் போவதற்குள் திருத்தப்பட்டிருக்கும்.

அதே ஆண்டு டிசம்பர் 18. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், போன் செய்கிற பாக்ஸ்கான் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நோய்வாய்ப்பட, அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அரசு மறுத்தது. அந்தச் சில நாட்களில் எத்தனையோ சேனல் பார்த்தேன். டிராஃபிக் எத்தனை கிலோமீட்டர் நின்றது என்று சொன்னார்கள், பேச்சுவார்த்தை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஏ ஷிப்டில் போகிறவள் எழுந்த பாயில் சி ஷிப்ட் முடித்து வந்தவள் படுக்கிறாளா என்று கேட்கத் தெரிந்தவர் அந்தக் கேமராக்களுக்குப் பின்னால் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் கடையில், எடிட் கற்ற அந்தப் பெண்ணும் நானும் ஒரு விவாத நிகழ்ச்சி பார்த்தோம். முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடுமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிந்ததும் அவள் கேட்டாள்: "லைன்ல நின்னா டாய்லெட் போக எத்தன நிமிஷம் குடுப்பாங்கன்னு இவங்கள்ல ஒருத்தர்கூடக் கேக்கலியேண்ணா?"

அந்தக் கேள்வியை ஜர்னலிசம் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. லைனில் நின்ற காலுக்குத்தான் அது தெரியும். உங்களிடம் ஆள் குறைவு என்று நான் சொல்லவில்லை. இந்தக் கால்கள் குறைவு என்கிறேன்.

இது என் மனக்குறை மட்டும் இல்லை, எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், தனக்குப் பேச ஒரு தலித் பத்திரிகையாளர் வேண்டும் என்று பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரிடம் கேட்டார். கூப்பர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். உனியால் தேடினார். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை முழுக்கப் புரட்டினார். ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் இது தன் கண்ணில் படவில்லையே என்று அவர் பயனியர் நாளிதழில் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 2006இல், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரை எண்ணினார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனமும் நியூஸ்லாண்ட்ரி செய்தித் தளமும் சேர்ந்து ஊடகங்களை எண்ணின. தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றில் 106 உயர்சாதியினரிடம். தலித்துகளும் பழங்குடியினரும் அப்போதும் பூஜ்யம்.

அவை டெல்லிக் கணக்கு, தமிழ்நாடு வேறு என்பீர்கள். வேறாக இருக்கட்டும். பெரியார் பிறந்த மண்ணில் வேறாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் சேனலில் எண்ணுங்கள். ஆசிரியர் அறை, டெஸ்க், கேமரா, மேக்கப் அறை, வாசலில் நிற்கிற செக்யூரிட்டி வரை தனித்தனியாக எண்ணி, நீங்களே உங்கள் திரையில் போடுங்கள். தேர்தல் முடிவை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணிச் சொல்கிறவர்கள் நீங்கள். இது முடியாத கணக்கு இல்லை.

பயிற்சித் திட்டம் கொண்டுவருவோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நல்லது. ஆனால் 'டிரெயினி' என்ற சொல்லை எங்கள் ஊரில் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். 2013இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 'நீம்' என்றொரு திட்டம் அறிவித்தது. மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை பயிற்சி, கையில் உதவித்தொகை. எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். பக்கத்தில் நிற்கிற பர்மனென்ட் தொழிலாளி செய்கிற அதே வேலைதான். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. முடிந்ததும் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு அடுத்த கேட்டில் போய் மறுபடியும் டிரெயினி. அந்தத் திட்டம் இப்போது இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை. இங்கே இருபத்தெட்டு வயதில் நான்காவது கம்பெனியில் பயிற்சி பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நீங்கள் பயிற்சி என்று அறிவித்தால் எங்கள் ஊர் அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "முடிஞ்சா வேலையில எடுத்துக்குவாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இல்லாத திட்டம் எங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்லும்போதே, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கொரோனா காலத்தில் ஐம்பது பேருக்கு மேல் மண்டபத்துக்குள் விடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். நான்கு கேமரா, ஸ்விட்சர், ஹெட்செட்டில் பேச்சு, மண்டபத்தின் நெட் போனால் இரண்டு சிம்மைச் சேர்த்துப் போட்டு லைவ் அறுந்துபோகாமல் ஓட்டினார்கள் என் பசங்க. உங்கள் பி.சி.ஆர். கட்டுப்பாட்டு அறையில் நடப்பதும் அதுதானே? தாலுகா முழுக்க இப்படி ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. 2015 வெள்ளத்தில் எங்கள் பசங்க இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த காட்சிகளை 'கிளிப் அனுப்புங்க' என்று சேனல்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டார்கள். காசும் வரவில்லை, பெயரும் வரவில்லை. தாலுகா நிருபர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளமே இல்லாமல் லோகோ மைக்கோடு அலைகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர். வாசல்தான் இல்லை.

அப்படியென்றால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். சரியாகச் செய்தால் அது என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தைச் சேர்ந்த கட்டைக்கூத்து சங்கம் 1990இல் உருவானது. 2002இல் சங்கத்தின் குருகுலத்தைத் தொடங்கினார்கள் கூத்துக் கலைஞர் இராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அவர் மனைவி ஹன்னே டி புருயினும். கூத்து என்றால் ஆண்கள் கலை. திரௌபதி வேஷமும் ஆண்தான் கட்டுவான். அந்தக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் படித்து, அடவும் கற்றார்கள். நான் ஒரு முறை அங்கே கூத்து எடுக்கப் போயிருந்தேன். கட்டை கட்டி, கிரீடம் வைத்து ராஜா வேஷத்தில் ஒரு பெண் திரையை விலக்கிக்கொண்டு சுழன்று வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி தன்னை அறியாமல் எழுந்து நின்றார். அந்தப் பெண்ணுக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பல வருஷம், தினமும், சோறு போட்டு, பாயும் போட்டுச் சொல்லிக் கொடுத்த குரல் அது. ஆறு வாரத்தில் வந்தது இல்லை. 2020இல் குருகுலம் மூடப்பட்டது எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய இழப்பு.

அகமதாபாத்தில் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1984. 'சேவா' பெண்கள் சங்கத்துக்கு மார்த்தா ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க வீடியோ தயாரிப்பாளர் வந்தார். இருபது பெண்களுக்கு மூன்று வாரம் வீடியோ கற்றுக் கொடுத்தார். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காய்கறி விற்ற லீலாபென் அதில் ஒருவர். பட்டன்களின் மேல் இருக்கிற எழுத்தை வாசிக்காமல், குறிகளை மனத்தில் வைத்துக்கொண்டு எடுத்தார்கள், வெட்டினார்கள். மானேக் சௌக் சந்தையில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற உரிமைக்காகத் தாங்கள் நடத்திய போராட்டத்தைத் தாங்களே படமாக்கினார்கள். வீடியோ சேவா இன்னும் வேலை செய்கிறது. ஏன் நிலைத்தது? கற்றுக் கொடுத்தவர் போன பிறகும் கேமரா அந்தப் பெண்கள் கையிலேயே இருந்தது. எதை எடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அதே குஜராத்தில் கேடா மாவட்டத்தில் 1975 முதல் இஸ்ரோ கிராமத்துக்கென்றே தொலைக்காட்சி நடத்தியது. ஊர்க்காரர்களே எழுதினார்கள், நடித்தார்கள். கூலியும் சாதியும் மாலை நிகழ்ச்சியில் பேசப்பட்டன. 1984இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. ராக்கெட் விடுகிறவர்களால் அன்று முடிந்தது.

நம்மிடமும் முயற்சிகள் இருக்கின்றன. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் எத்தனையோ சிற்றூர்ப் பிள்ளைகளை எழுத வைத்தது. சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தலித், பழங்குடி மாணவர்களுக்கு முழு உதவித்தொகை கொடுத்திருக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித் 2018இல் உதவி இயக்குநர்களுக்காகக் கூகை நூலகத்தைத் திறந்தார். வெற்றிமாறன் தொடங்கிய திரை–பண்பாட்டு ஆய்வகம் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைத் தேடி எடுத்து, உணவும் உறைவிடமும் கொடுத்து இலவசமாகக் கற்பிக்கிறது. கவனித்துப் பாருங்கள், இவற்றில் எதையும் ஒரு டி.வி. சேனல் தொடங்கவில்லை. சினிமாக்காரர்கள் செய்கிறார்கள், பத்திரிகை செய்தது, கல்லூரி செய்கிறது. தினமும் இருபத்து நான்கு மணி நேரம் ஆள் தேவைப்படுகிற நீங்கள் எங்கே?

நீங்கள் மனது வைத்தால் ஒரே நாளில் கதவு திறக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2008இல் விஜய் டி.வி. 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ஒரு திருநங்கை கையில் கொடுத்தது. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையில் லோட்டஸ் நியூஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. அதற்கு முன் திருநங்கை என்றாலே சினிமாவில் கேலிக்கு வருகிற ஆள். வாசித்து முடிந்ததும் என் அம்மா, "நல்லா நிறுத்தி நிதானமா படிச்சது அந்தப் பொண்ணு" என்றார். 'பொண்ணு' என்று அம்மா சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

ஆனால் உள்ளே விட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1968இல் அரசு அமைத்த கெர்னர் ஆணையம், செய்தி நிறுவனங்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை, அதனால்தான் கறுப்பின மக்கள் வாழ்க்கை உங்களுக்குப் புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது. உடனே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோடைக்காலப் பயிற்சி தொடங்கினார்கள். ராபர்ட் மேனார்ட் போன்ற பத்திரிகையாளர்கள் அதைப் பிறகு தனி நிறுவனமாகவே வளர்த்தார்கள். 1978இல் செய்தித்தாள் ஆசிரியர்கள் சங்கம், 2000ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மக்கள்தொகையில் எத்தனை பங்கோ அத்தனை பங்கு சிறுபான்மையினர் எங்கள் அலுவலகங்களில் இருப்பார்கள் என்று உறுதி எடுத்தது. அப்போது சுமார் 4 சதவீதம். 2000இல் சுமார் 12. நாட்டிலோ ஏறக்குறைய முப்பது. கெடுவை அதற்கு முன்பே 2025க்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பயிற்சி பெற்று வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கதை எது என்று தீர்மானிக்கிற மேஜை மாறவில்லை என்பதால், பலர் சில வருஷத்தில் கசந்து வெளியேறினார்கள். அந்த மேஜையில் இடம் கொடுக்காமல் கேமரா மட்டும் கொடுத்தால், எங்கள் பிள்ளைகளும் திரும்பித்தான் வருவார்கள்.

நாங்கள் கேட்பது கடினமானது ஒன்றும் இல்லை. இந்தத் தொழிற்சாலைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஆள் வேண்டும் என்றால், விடியற்காலை நான்கு மணிக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் வரைக்கும் பஸ் போகிறது. இரவு ஷிப்ட் முடிகிற பெண்ணை வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடுகிறது. வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்க 2024 ஆகஸ்டில் அரசு விடுதி திறந்தது. தொழில் கேட்டது, கிடைத்தது. நீங்கள் அரசிடம் கேட்டீர்களா? குத்தம்பாக்கத்தில் திரைப்பட நகரம் வரும்போது, சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இருபது படுக்கை, ஒரு வகுப்பறை வேண்டும் என்று நீங்களும் சேர்ந்து கேட்டால் அரசு இல்லை என்று சொல்லுமா? பயிற்சிக் காலத்தில் குறைந்தது லைனில் வாங்குகிற சம்பளத்தையாவது கொடுங்கள். அதற்குக் குறைந்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் வர முடியும், நீங்கள் எந்தச் சாதியை மனத்தில் வைத்துத் திட்டம் போட்டிருந்தாலும். எத்தனை பேரைச் சேர்க்கிறீர்களோ அத்தனை வேலையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். சீரியல், கேம் ஷோ பக்கம் போகிறவர்களுக்குச் சங்க அட்டை வேண்டும். அதன் கட்டணம் எங்களுக்கு எட்டாத உயரம். திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியோடு உட்கார்ந்து பேசி, பயிற்சி முடித்தவர்களுக்குத் தவணையில் கட்ட வழி செய்து கொடுங்கள். கேமராவும் லைட்டும் மட்டும் எங்கள் பசங்களுக்கு என்று ஒதுக்காமல், செய்தி எது என்று காலையில் கூடிப் பேசுகிற கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.

உச்சரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வில் எங்கள் பிள்ளைகள் பேசினால் சிரிப்பு வருகிறது. 'இன்னா', 'கீது', 'வந்துகினு' என்று வடதமிழ்நாடு பேசினால் அது காமெடி டிராக் என்று சினிமா பழக்கிவிட்டது. ழகரம் சொல்லிக் கொடுத்தால் மூன்று மாதத்தில் வந்துவிடும். சொல்லிக் கொடுங்கள், கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரகடம் கேட்டில் நின்று ஒரு தொழிலாளியிடம் பைட் எடுக்கும்போது அந்த 'வந்துகினு'தான் வேலை செய்யும். அதைக் கேட்டவுடன் அந்த மனிதர் தோளைத் தளர்த்திக்கொண்டு பேச ஆரம்பிப்பார். அதைப் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

வந்து பாருங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகிற மின்சார ரயில் வாலாஜாபாத்தில் நிற்கும். என் கடை மாடியில் இருபத்தைந்து பேர் உட்காரலாம், இன்வெர்ட்டர் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் சேனலிலிருந்து ஓர் எடிட்டரோ ஒரு நிருபரோ வந்தால், ஷிப்ட் முடிந்த பிள்ளைகளைக் கூட்டி வைப்பது என் பொறுப்பு. வாடகை வேண்டாம், டீ நான் வாங்கித் தருகிறேன்.

அந்தப் பெண் சென்னையிலிருந்து திரும்பிய பிறகு ஒன்று எடுத்தாள். யாரும் கேட்டு எடுத்ததில்லை. தன் போனில், தான் போகிற கம்பெனி பஸ்ஸுக்குள் எடுத்தது. காலை நாலே முக்கால், உள்ளே லைட் போடவில்லை. ஒரு பெண் போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்சீட்டுப் பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள். இன்னொருத்தி மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறாள், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கை மட்டும் டிபன் பாக்ஸை இறுக்குகிறது. பேச்சே கிடையாது. பஸ் வாலாஜாபாத் தாண்டி ஒரகடம் சாலையில் திரும்பும்போது வெளியே மெல்ல வெளிச்சம் வருகிறது, ஒவ்வொரு முகமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. மொத்தம் ஆறு நிமிடம். என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
வாலாஜாபாத் ஸ்டுடியோக்காரன் ஒருவன்